சித்தி என்று பழகியது

1

நான் வேலை பார்க்கும் பள்ளி உணவகத்தில் அம்மா இறந்தால் மூன்று நாள் விடுப்பு உண்டு. சித்தி இறந்தால் கிடையாது. என்னுடைய மூன்று நாளை நான் ஆறு வருடங்களுக்கு முன்பே எடுத்துவிட்டேன். அப்போது மேலாளர் இரங்கல் அட்டை கொடுத்தார். கூட வேலை செய்கிறவர்கள் சேர்ந்து பூங்கொத்து வாங்கி வந்தார்கள். என் கோப்பில் அம்மா இறந்தாயிற்று. ஒருவருக்கு இரண்டு தடவை அம்மா சாக முடியாது.

அதனால் போன வருடம், என்னைப் பெற்றவளை மண்ணில் வைத்த நேரத்தில், நான் பாரீசுக்கு வெளியே ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு பீன்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஊரில் சாயங்காலம் நாலு மணி. இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். ரொட்டிக் கூடையில் சாய்த்து வைத்த போனில் அடக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் கூட்டாளி ஒருவன் போனைப் பிடித்திருந்தான். பெரும்பாலும் முதுகுகள்தான் தெரிந்தன. சாமியார் தீர்த்தம் தெளிக்கும் இடத்தில் நெட் போய்விட்டது. திரும்பி வந்தபோது எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு சிறுமி பீன்ஸ் வேண்டாம், உருளைக்கிழங்கு மட்டும் போதும் என்றாள். இரண்டும் வாங்க வேண்டும், அதுதான் விதி என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் சோஃபி கேட்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பேச வராது. என்னை இங்கத்திப் பிள்ளைகள் மாதிரி "மாமான்" என்று கூப்பிடுவாள். போனில் அதைக் கேட்கும்போதெல்லாம் தம்பி, "அக்கா, உனுக்கு மீசை வச்சிட்டாங்க" என்று கிண்டல் செய்வான்.

"செத்துப்போனது உன் சித்திதானே மாமான்? ரொம்ப நெருக்கமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"கொஞ்சம்" என்றேன்.

அழுகை வரவில்லை. வரும் வரும் என்று ஒரு வருடம் பார்த்தேன். வரவேயில்லை. பல் பிடுங்கப் போட்ட மரத்துப்போகும் ஊசி போலத்தான் இருக்கிறது. எனக்கு அதுதான் பயம்.

2

இந்தக் குறிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு லூர்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லியனூர் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் தெருவுக்கு நாலு லூர்து இருப்பார்கள், கண்டுபிடிப்பது கஷ்டம். என்னைப் பெற்றவளை என்ன சொல்லி எழுதுவது என்று தெரியவில்லை. ரஞ்சிதம் என்று பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

ரஞ்சிதம் கரும்புக் கொல்லைக்குக் களை எடுக்கப் போனவள். அவளுடைய அக்கா விக்டோரியா, சொல்தா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். பெரியப்பாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு, பென்ஷன் உண்டு. பிள்ளை மட்டும் இல்லை. ரஞ்சிதம் என்னை வயிற்றில் வைத்திருந்தபோது பெரியம்மா ஒரு பை ஆப்பிளோடு வந்தாளாம். நாள் முழுக்க அழுதாளாம். சாயங்காலம் பார்த்தால், இவளும் அழுதுகொண்டே சரி என்று சொல்லியிருக்கிறாள்.

பிரசவத்துக்குப் பட்டணத்தில் சேர்த்தபோது அக்காவின் பெயரைச் சொல்லித்தான் சேர்த்தார்கள். அதனால் என் பிறப்புச் சான்றிதழில் தாய் விக்டோரியா. ஆறு வருடங்களுக்கு முன் நான் விடுப்பு எடுத்தது அவளுக்காகத்தான். பிரெஞ்சுக்காரர்கள் குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் லிவ்ரே புத்தகத்தில், பெரியப்பா பெரியம்மாவுக்குக் கீழே பிள்ளைகள் பக்கத்தில் நான் ஒருத்தி. பெரியப்பாவும் பெரியம்மாவும் பிரான்சில் வீடு பிடித்துக் கூப்பிடும்வரை நான் வளர்ந்தது எங்கள் வீட்டில்தான். காகிதப்படி அது சித்தி வீடு.

பிள்ளை இல்லாதவளுக்கு ஒரு பிள்ளை. குடிசையில் பிறந்த பிள்ளைக்கு ஒரு தேசம். இதில் யாரைக் குறை சொல்வது? நானும் வருடக்கணக்காகத் தேடிப் பார்த்துவிட்டேன். ஆள் கிடைக்கவில்லை.

3

எனக்கு ஐந்து வயதானபோது பயிற்சி ஆரம்பித்தது. நாளைக்கு பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள், வாய் தவறிவிடக் கூடாது. அதற்காக ரஞ்சிதமே எனக்கு வாத்தியார். அம்மா என்று கூப்பிட்டால் அவளுக்குக் காது கேட்காது. அடுப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். சோறு வேண்டும் என்றால், "சித்தி, சோறு" என்று சொல்ல வேண்டும். உடனே திரும்பி, "இன்னாடி தங்கம்" என்பாள். இரண்டு வயதுத் தம்பி அமலன் பக்கத்திலேயே அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருப்பான். அவனுக்குத் திரும்புவாள். அவனைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். கிள்ளி வைப்பேன்.

ஊருக்கே தெரியும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் மட்டும் கேலி செய்யும். ஆறேழு மாதத்தில் பழகிவிட்டது. அதற்குப் பிறகு தூக்கத்தில்கூட நான் மாற்றிக் கூப்பிட்டதில்லை என்று அவளே பெருமையாகச் சொல்வாள்.

புதுநன்மை வாங்குவதற்கு முன்னால், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். பத்துக் கட்டளைகளைப் புதிதாகப் படித்த சூட்டில் நான் சாமியாரிடம் இதைச் சொன்னேன். "சாமி, நான் எங்கம்மாவ சித்தின்னு கூப்புடுறேன்." "யார் சொல்லிக் குடுத்தது?" என்றார் அவர். "எங்கம்மா." "அப்ப அம்மா சொல்றதக் கேளு" என்றார். அபராதம் மூன்று அருள் நிறைந்த மரியே செபம். அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

பதினைந்து வயதில் அலுவலகத்தில் நேர்காணல் நடந்தது. தாயின் பெயர் கேட்டார்கள், சொன்னேன். வெளியே வேப்பமரத்தடியில் ரஞ்சிதம் காத்திருந்தாள்.

"சரியா சொன்னியா?"

"சொன்னேன் சித்தி."

"எம் பொண்ணு கெட்டிக்காரி" என்றாள். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

4

இங்கே எங்கள் பங்குக் கோயிலின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கிறது. எட்டு வருடமாக நான்தான் எடுக்கிறேன். நான் தமிழில் கேட்பேன், அவர்கள் பிரெஞ்சில் பதில் சொல்வார்கள். தாய் தந்தையரை மதிக்க வேண்டும் என்ற கட்டளையைப் பலகையில் எழுதிப்போட்டால், "அவங்க கத்தினாலுமா?" என்று கேட்பார்கள். கத்தினாலும் என்பேன். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்ற கட்டளை வரும் வாரம் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. சாக்குக்கட்டி தேயும், அவ்வளவுதான். நல்ல ஆசிரியை என்று பெயரெடுத்திருக்கிறேன்.

இந்த வருடம் முதல் நினைவுநாள் நெருங்கியபோது தம்பி போன் செய்தான். அவன் திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ரஞ்சிதத்தைக் கடைசிவரை குளிப்பாட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் அவனும் அவன் மனைவியும்தான்.

"அக்கா, கல்லறைக்குக் கல்லு சொல்லிட்டேன். பேரெல்லாம் கேக்குறாங்க. மகன்னு எம்பேரு போடுவாங்க. மகள்னு உம்பேரப் போடட்டுமா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இப்ப சொல்ல வேணாம். நேர்ல வந்து சொல்லு" என்று வைத்துவிட்டான்.

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். கல்லறைத் திருநாளில் எங்கள் ஊர் ஜனம் கல்லறைகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, ஒன்று விடாமல் படம் எடுத்து, வாட்சப்பில் போடும். அந்தப் படங்கள் அன்றைக்கே பாரீஸ் வந்து சேரும். பெரியப்பா வழி உறவில் எங்களுக்கு ஆகாதவர்கள் இரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள். ஒரு படம், அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் போதும். எங்கள் பக்கத்து ஆள் ஒருவருக்குக் காகிதம் பொய் என்று தெரிந்து, பிள்ளைகள் வரைக்கும் குடியுரிமை கேள்விக்கு வந்த கதையை நான் கேட்டிருக்கிறேன். சோஃபி பிரெஞ்சுக்காரி ஆனது என் வழியாக. நான் ஆனது அந்தச் சான்றிதழ் வழியாக. அதை உருவினால் எது எது சரியும் என்று யோசிக்கக்கூட நான் விரும்பியதில்லை.

சோஃபிக்கு விடுமுறைதான். அவளைக் கூப்பிட்டேன். "உன் சித்திக்குப் பூசைதானே, நான் எதற்கு?" என்றாள். நியாயமான கேள்வி. அப்பாவோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு நான் மட்டும் விமானம் ஏறினேன்.

5

நினைவுப் பூசை முடிந்த மறுநாள், கோயிலில் விடுமுறை வகுப்பு எடுக்கும் சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். பிரான்சிலேயே வகுப்பு எடுக்கிறீர்களாமே, எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் எடுங்கள் என்றார். இரண்டு பாடம், இரண்டு படம். ஒன்று, பாலைவனத்தில் இயேசுவைச் சாத்தான் சோதிக்கும் படம். இன்னொன்று, சிலுவையில் தொங்கிக்கொண்டே தன் தாயைச் சீடரிடம் ஒப்படைக்கும் படம். சோதனையை வெல்லுதல், குடும்பத்தில் அன்பு.

கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் முப்பது பிள்ளைகள். சித்திரை வெயிலில் தகரம் கொதித்தது. தம்பி மகள் ஜெனி, ஒன்பது வயது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் படத்தைத் தூக்கிக் காட்டினேன். உயரமான மலை, கீழே ஊர் ஊராகத் தெரிகிறது, பக்கத்தில் கொம்பு வைத்த சாத்தான்.

"இதெல்லாம் உனக்குத் தர்றேன், என் காலில் விழுந்து கும்பிடுன்னு சாத்தான் சொல்லுது" என்றேன்.

ஒரு பையன் கை தூக்கினான். "எத்தினி தபாக்கா வியுந்து கும்புடணும்?"

"ஒரு தடவை."

"ஒரே தபாவா! கும்புட்டுட்டு வாங்கிகினு, அப்பறமா சாமிகிட்ட சாரி சொல்லிக்கலாமே."

கொட்டகையே சிரித்தது. "டேய், உன்ன மாதிரிதான்டா அதுக்கு ஆளு வேணும்" என்றாள் ஒருத்தி. சிஸ்டரும் சிரித்துவிட்டார். நான் பாடத்தில் எழுதியிருந்த பதிலைப் படித்தேன். ஒரு தடவை விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம், அப்படி ஏதோ. பையன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எனக்குக் கையில் இருந்த படங்கள்மேல்தான் கோபம் வந்தது. அந்த வருடத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சியே அதுதான் என்று நினைக்கிறேன். சோதனைக்கு ஒரு படம், அன்புக்கு ஒரு படம் என்று அச்சடித்து விற்கிறார்கள். எங்கள் வீட்டுக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. கொம்பு இல்லை. எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லாரும் அன்பாக இருந்தார்கள்.

இரண்டாவது பாடத்துக்குக் கேள்வி வேண்டுமே என்று, அவரவர் வீட்டில் பார்த்த ஒரு அன்பான காரியத்தைச் சொல்லச் சொன்னேன். அப்பாவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது, தங்கச்சிக்கு பிஸ்கட்டில் பாதி கொடுப்பது என்று வரிசையாகச் சொன்னார்கள். ஜெனி தன் பாட்டியைப் பற்றிச் சொல்ல எழுந்தாள்.

"எங்க ஆயா ஞாயித்துக்கெயமயில அத்தை போனு வரும்னு மூஞ்சி கயுவி, பவுடரு போட்டுகினு, நல்ல பொடவையா கட்டிகினு உக்காந்துகினு இருக்கும். கால் வெளங்காதப்பகூட எங்கம்மாகிட்ட கட்டிவுடச் சொல்லும். படுத்துகினு இருக்கறத அத்தை பாத்தா அங்க சரியா சாப்டாதுன்னு சொல்லும்."

"போன் வரலைன்னா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அப்டியே பவுடரோட தூங்கிடும்."

பிள்ளைகள் சிரித்தன. ஜெனியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். மிக நல்ல பதில் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி நான் போன் செய்யவில்லை. துணி துவைக்க வேண்டியிருக்கும், சோஃபியை எங்காவது கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். செய்த நாட்களிலும் சித்தி நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு, தம்பியிடம் கொடுங்கள் என்பேன். திரையில் எப்போதும் உட்கார்ந்துதான் இருந்தாள். அதைப் பார்த்து, பரவாயில்லை, திடமாகத்தான் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் தம்பிக்கு போன் போட்டேன்.

"கல்லுல எம்பேரப் போடுடா. மகள்னே போடு."

6

மறுநாள் காலை தம்பி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தான். அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வில்லியனூர் சாலையோரத்தில் இருந்த கல் பட்டறைக்குப் போனேன். கறுப்புக் கல் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மேலே சிலுவையும் பெயரும் செதுக்கியாகிவிட்டது. கீழே பிள்ளைகள் பெயருக்கு இடம் விட்டிருந்தது. பட்டறைக்காரர் ஒரு தாளைக் கொடுத்து, எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கல்லுக்கு அந்தப் பக்கம் போனார். தாளில் தம்பியின் கையெழுத்தில் இரண்டு வரி. மகன் அமலன். மகள் லூர்து.

என் பெயரை அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

தம்பி வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அம்மா போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எங்கிட்ட சொல்லிடுச்சி. 'கல்லுல அவ பேரப் போட்றாதடா. எவனாவது போட்டோ புடிச்சி அனுப்பி வுட்டுடுவான். அவ பொண்ணு படிப்பு கெட்டுடும். இத்தினி வருசம் கட்டிக்காத்தத நான் செத்து கெடுக்கக் கூடாது. அவ போடுன்னுதான் சொல்லுவா, நீ கேக்காத'ன்னு."

"அப்புறம் ஏன்டா என்னைக் கேட்ட?"

"நீ போடுன்னு சொல்றியான்னு பாக்கணும் போல இருந்துச்சி." அவன் கல்லைப் பார்த்துக்கொண்டு பேசினான். "பூசைக்கு வந்து நின்ன. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல. அடக்கத்துக்கும் வரல. நான் பொண்டாட்டி முன்னாடி உன்ன வுட்டுக்குடுக்காம பேசிகினு இருக்கேன். எனுக்கே சந்தேகம் வந்துடுச்சிக்கா. நேத்து நீ போடுன்னு சொன்ன பாரு, அது போதும். இப்ப நீ எது சொன்னாலும் சரி. போடுன்னா போட்டுடுறேன். வர்றது வரட்டும்."

பட்டறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் சோஃபியை நினைத்தேன். அவள் இப்போது தூங்கிக்கொண்டிருப்பாள். ஆகாத உறவு இரண்டையும் நினைத்தேன். போடு என்று சொல்ல எனக்கு நேற்று ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்வேன் என்றும், சொன்ன பிறகு என்ன ஆகும் என்றும் ரஞ்சிதம் படுக்கையில் இருந்தபடியே யோசித்து வைத்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். பெற்றவளுக்குப் பிள்ளை என்று ஒரு கல்லில் இருந்துவிட்டுப் போகிறேன், அதையும் ஏன் தடுக்கிறாய் என்று. ஆனால் உள்ளே தேடிப் பார்த்தால் கோபம் இல்லை. இத்தனை வருடம் கீழ்ப்படிந்த உடம்பு, இந்தத் தடவையும் கீழ்ப்படியத் தயாராக இருந்தது.

"வேணாம்டா" என்றேன். "அம்மா சொன்னபடியே செஞ்சிடு."

என்ன சொன்னேன் என்று நான் கவனிக்கவில்லை. தம்பி முகம்தான் காட்டிக்கொடுத்தது. சாவியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். நினைவு தெரிந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவளுக்கு நான் சொல்லி அவன் கேட்டதில்லை. அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு நானும் கேட்டதில்லை.

பட்டறைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். "இன்னாம்மா, பாத்தாச்சா? செதுக்க ஆரம்பிச்சிடலாமா?"

"ஒரு திருத்தம் இருக்குது" என்றேன்.

"சொல்லுங்க. நீங்க இவங்களுக்கு இன்னா ஆவணும்?"

தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அக்கா பொண்ணு" என்றேன். அவர் காதில் செருகியிருந்த பேனாவை வாங்கி, இரண்டாவது வரியை நானே அடித்தேன். கோடு நேராகத்தான் வந்தது.